தார்க்குச்சியும் தூண்டுகோலும்: ஒரு சொல்லின் வரலாறு

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் உத்திரமேரூர் வரும். வழியெல்லாம் நெல் வயல்களும் ஏரிக்கரைகளும்தான். அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறித்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஊராட்சி உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாகக் கூறும் கல்வெட்டுகள் அவை. பள்ளிப் பாடநூலில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஒரு நாள் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியர் முப்பது, நாற்பது பிள்ளைகளை அழைத்து வந்தார். கல்வெட்டின் பெருமையை அழகாகவே சொன்னார். முடிவில், "இதெல்லாம் உங்களை மோட்டிவேட் பண்ணணும்" என்றார். முன்வரிசையில் நின்ற ஒரு பையன் கையை உயர்த்தி, "மோட்டிவேட்டுன்னா என்ன சார்?" என்று கேட்டான். "இதுகூடத் தெரியாதா?" என்றார் ஆசிரியர். பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு அவன் கல்வெட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆசிரியரைக் குறைகூற இதை நான் எழுதவில்லை. அவர் மாணவராக இருந்தபோது அவரைப் பார்த்தும் யாராவது அப்படிச் சிரித்திருக்கக்கூடும். ஆனால் பையன் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கு விடை தேட நாம் இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வயல்வெளியில் பாதி விடையும், அங்குள்ள பழைய வீடுகளில் மீதி விடையும் கிடைக்கும். வாருங்கள், தேடுவோம்.

பம்புசெட்டில் ஒரு சொல்

முதலில் வயலுக்குப் போவோம். கிணற்றடியில் ஒரு மோட்டார் ஓடுகிறது. அதை மோட்டார் என்று சொல்லாத உழவர் இல்லை. படிக்காத பாட்டிக்கும் அது தெரிந்த சொல். பையனை விழிக்க வைத்த 'மோட்டிவேட்' இந்த மோட்டாரின் உடன்பிறப்பு.

இலத்தீன் மொழியில் 'மொவேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. நகர்த்துதல், அசைத்தல் என்பது அதன் பொருள். நகர்த்துபவன் 'மோத்தோர்'; அதுவே நம் மோட்டார். நகர்த்தும் இயல்புடையது 'மோத்தீவுஸ்'. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து 'மோட்டிவ்' ஆயிற்று. செங்கற்பட்டு இரயில் நிலையத்தில் நீங்கள் பார்க்கும் எஞ்சினுக்கு 'லோகோமோட்டிவ்' என்று பெயர். 'லோகோ' என்றால் இடம். இடம் விட்டு இடம் நகர்த்துவது என்பது அப்பெயரின் பொருள்.

இந்தக் குடும்பம் பெரியது. 'மூவி' என்பது அசையும் படம். 'மொபைல்' என்பது எளிதில் நகரக்கூடியது. 'புரமோஷன்' என்பது முன்னே நகர்த்துவது. 'ரிமோட்' என்பது அப்பால் நகர்ந்து நிற்பது, அதாவது தொலைவிலுள்ளது. உள்ளம் அசைவதால் 'எமோஷன்'. இவற்றில் எத்தனை சொற்கள் உங்கள் வீட்டிலேயே புழங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பொருளை நகர்த்துவதிலிருந்து மனிதனைச் செயலுக்கு நகர்த்துவதற்கு இச்சொல் தாவியது இயல்பே. ஒருவனைச் செயலில் இறக்கிய காரணம் எதுவோ, அது அவனுடைய 'மோட்டிவ்'. குற்றச் செய்திகளிலும் வழக்கு மன்றங்களிலும் அடிபடும் சொல் இது; தமிழில் நோக்கம் என்கிறோம். இந்தப் பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டு வயது. ஆனால் 'மோட்டிவேட்' என்ற வினைச்சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. பிறகு உளவியல் தனித்த அறிவியலாக வளர்ந்தபோது அதுவும் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை மேலாளர்களும் விற்பனைக் குழுக்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலேயரிடம் போய் 'மோட்டிவேட்' என்று சொல்லியிருந்தால், அவரும் அந்தப் பையனைப் போல, "அப்படி என்றால் என்ன?" என்றுதான் கேட்டிருப்பார்.

பேருந்துக்குள் இருக்கும் உந்து

இப்போது உத்திரமேரூருக்கு நாம் ஏறிவந்த பேருந்தைப் பாருங்கள். அப்பெயரைப் பிரித்தால் பெருமை, உந்து என்று வரும். உந்துதல் என்றால் தள்ளுதல், முன்செலுத்துதல். தானே உந்திச் செல்லும் பெரிய வண்டி பேருந்து. அறிவியல் பாடத்தில் வரும் உந்துவிசை, உந்தம் என்பனவும் இதே சொல்லிலிருந்து பிறந்தவை.

"அவருடைய உந்துதலால்தான் நான் படித்தேன்" என்றும் சொல்கிறோம் அல்லவா? இலத்தீன்காரன் 'நகர்த்து' என்ற ஒரே வேரிலிருந்து மோட்டாரையும் மோட்டிவேட்டையும் பெற்றான். நாம் 'உந்து' என்ற ஒரே வேரிலிருந்து பேருந்தையும் உந்துதலையும் பெற்றோம். இரண்டு மொழிகளும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. மனம் செயலில் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அசைவின் பெயரை எடுத்து மனத்துக்குச் சூட்டுவது உலக மொழிகள் பலவற்றின் வழக்கம்.

ஆனால் அசைவுகள் பலவகை. எந்த அசைவின் பெயரைச் சூட்டுகிறோமோ, அதற்கேற்ப மனிதனைப் பற்றிய நம் எண்ணமும் மாறும். இதற்குச் சான்றாக உழவுமாட்டைப் பார்ப்போம்.

தார்க்குச்சி

டிராக்டர் வருவதற்கு முன், ஏர் ஓட்டுபவர் கையில் ஒரு குச்சி இருக்கும். அதன் நுனியில் சிறிய ஆணி அல்லது இரும்பு முள். தார்க்குச்சி என்பார்கள், பழைய பெயர் தாற்றுக்கோல். மாடு சுணங்கினால் பின்தொடையில் ஒரு குத்து. மாடு விரைந்து நடக்கும். நல்ல உழவர் அதை அடிக்கடி பயன்படுத்த மாட்டார். நாக்கால் ஒலியெழுப்பியே மாட்டை நடத்திவிடுவார்.

பண்டைய ரோமாபுரி உழவர் கையிலும் இதே குச்சி இருந்தது. அதன் இலத்தீன் பெயர் 'ஸ்திமுலுஸ்'. இன்றைக்கு உயிரியல் நூல்களில் 'ஸ்டிமுலஸ்' என்று வருவது இதுவே. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர்கள் இதைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். நரம்பையோ தசையையோ செயற்பட வைக்கும் எதுவும் அவர்களுக்குத் தார்க்குச்சியாகத் தெரிந்தது. தூண்டுதல் என்ற பொருளில் வழங்கும் 'ஸ்டிமுலேட்', தீய செயலுக்கு ஏவுதல் என்ற பொருளில் வழங்கும் 'இன்ஸ்டிகேட்' ஆகிய இரண்டிலும் குத்துதல் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. குதிரைவீரன் குதிகாலில் கட்டும் முள்ளுக்கு 'ஸ்பர்' என்று பெயர். அதுவும் ஏவுதலைக் குறிக்கும் வினைச்சொல் ஆயிற்று.

இன்னொன்று வேடிக்கையானது. ஒருவரை ஏவிவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'எக் ஆன்' என்பார்கள். கோழிமுட்டைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வடஐரோப்பிய நார்ஸ் மொழியில் கூர்மையாக்கு, ஏவு என்ற பொருளுள்ள 'எக்யா' என்ற வினையிலிருந்து வந்தது இது. கத்தியின் விளிம்பைக் குறிக்கும் 'எட்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் இதற்கு உறவு.

எல்லா ஆங்கிலச் சொற்களும் குத்துபவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'இன்ஸ்பயர்' என்பதற்கு உள்ளே மூச்சை ஊதுதல் என்பது மூலப்பொருள். 'என்கரேஜ்' என்பதற்குள் நெஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருக்கிறது. நெஞ்சுரம் ஊட்டுதல் என்று கொள்ளலாம். 'இன்சென்டிவ்' என்றால் இன்று ஊக்கத்தொகை. அதன் மூலமோ பாட்டெடுத்துக் கொடுத்தல்! நடவு வயலில் ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாட, நாற்று நடும் கைகள் ஒரே சீராக விரைவதை நீங்கள் பார்த்திருந்தால், இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

விளக்குத் திரி

இனி வீட்டுக்குள் போவோம். மாடத்தில் ஒரு விளக்கு மங்குகிறது. பாட்டி ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் திரியைச் சற்று முன்னே தள்ளுகிறார். சுடர் நிமிர்கிறது. இதற்குத் தூண்டுதல் என்று பெயர். குச்சி தூண்டுகோல். யாரும் தூண்டாமலே எரியும்படி அமைந்தது தூண்டா விளக்கு.

நம் பாடநூல்களில் 'ஸ்டிமுலஸ்' என்பதற்குத் தூண்டல் என்றும், அதற்கு உடல் தரும் விடைக்குத் துலங்கல் என்றும் சொல்லியிருப்பதைப் படித்திருப்பீர்கள். தொட்டாற்சிணுங்கியைத் தொடுவது தூண்டல். இலை மடிவது துலங்கல். இலத்தீன் தார்க்குச்சிக்கு ஈடாகத் தமிழில் விளக்கு தூண்டும் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது! தேரையும் குதிரையையும் முடுக்கிச் செலுத்துவதற்கும் பழந்தமிழில் தூண்டுதல் என்ற சொல்லே வழங்கியது. ஆக, விலங்கை விரட்டுவதும் விளக்கை நிமிர்த்துவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா?

திரியில் நடப்பதைப் பார்த்தால் தெரியும். பஞ்சு இழைகளுக்கு இடையே மிக நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. அவற்றின் வழியே எண்ணெய் தானாகவே மேலேறுகிறது. இதை நுண்புழை ஏற்றம் என்பர். நுனிக்கு வந்த எண்ணெய் வெப்பத்தால் ஆவியாகிறது. அந்த ஆவியே எரிகிறது. எரிய எரிய நுனி கருகுகிறது. கரி அடைத்துக்கொள்வதால் எண்ணெய் சுடருக்குப் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. விளக்கு மங்குகிறது. தூண்டும்போது புதிய திரி வெளியே வருகிறது; எண்ணெய்க்கு மறுபடியும் வழி பிறக்கிறது.

பாட்டியின் குச்சி நெருப்பைக் கொடுக்கவில்லை. எண்ணெயையும் கொடுக்கவில்லை. இரண்டும் விளக்கிலேயே இருந்தன. இடையில் அடைத்திருந்த கரியைக் கடக்க மட்டுமே குச்சி உதவியது. தார்க்குச்சிக்கும் தூண்டுகோலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தார்க்குச்சி, தன் வலியை மாட்டின் மேல் ஏற்றுகிறது. தூண்டுகோல், விளக்கில் உள்ளதை வெளிக்கொணர்கிறது. மேலும் ஒன்று: திரியை அளவுக்கு மீறித் தூண்டினால் ஆவி மிகுந்து, எரியப் போதிய காற்று கிடைக்காமல் புகையும் கரியும் எழும். மிகையாகத் தூண்டப்பட்ட விளக்கு, மங்கிய விளக்கைவிட வீட்டைக் கறுப்பாக்கும்.

எண்ணெய் யார் ஊற்றுவது?

தூண்டினால் மட்டும் போதுமா? எண்ணெய் தீர்ந்த விளக்கை எத்தனை முறை தூண்டினாலும் திரிதான் கருகும்.

சோழர் காலத்தார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கோயிலில் இடைவிடாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தர வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும். கணக்கில் எண்ணிக்கை குறையாது. ஆகவே அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். தூண்டுவதற்கு ஒரு குச்சி போதும். எரிவதற்கு 96 ஆடுகள் வேண்டும்! பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்து ஒரு மணி நேரம் மாணவர்களை 'மோட்டிவேட்' செய்துவிட்டு, நூலகத்தைப் பூட்டிவைக்கும் பள்ளிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைப்பது எப்படி? பிரம்பு ஒரு வழி. சோறு மற்றொரு வழி. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவி வளர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆங்கிலத்து 'எக் ஆன்' முட்டையைக் குறிப்பதல்ல என்று மேலே சொன்னேன். ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் முட்டையும் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வந்தது உண்மை. இது தார்க்குச்சியன்று, தூண்டுகோலும் அன்று, விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்.

ஊஞ்சலை ஊக்குதல்

உந்து, தூண்டு என்று இரண்டு சொற்களைப் பார்த்தோம். மூன்றாவது சொல் ஊக்கு. ஊக்கம், ஊக்குவி, ஊக்கத்தொகை என்றெல்லாம் இன்று பெருவழக்காக இருப்பது இதுதான். திருக்குறளில் ஊக்கமுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் உள்ளது, 60ஆவது. நீர் உயர உயர நீர்ப்பூவின் தண்டும் நீள்வதை அதில் ஊக்கத்துக்கு உவமையாகச் சொல்கிறார் வள்ளுவர். ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இச்சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு, அதுதான் சுவையானது. கலித்தொகையில் ஒரு பெண், ஊசலில் அமர்ந்துகொண்டு, அவ்வழியே வந்த இளைஞனிடம் தன்னைச் சிறிது ஊக்கிவிடச் சொல்கிறாள். ஊசல் என்றால் ஊஞ்சல். ஊக்குதல் என்றால் ஊஞ்சலை ஆட்டிவிடுதல்!

நீங்களும் தங்கையையோ தம்பியையோ புளியமரத்து ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். எப்போது தள்ளுவீர்கள்? ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது தள்ளினால் கை நோகும், வேகமும் குறையும். பின்னே வந்து, ஒரு கணம் நின்று, முன்னே திரும்பும் நேரத்தில் விரலால் தொட்டாற்போல் தள்ளினால் போதும். இரண்டரை மீட்டர் கயிறுள்ள ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 3 வினாடி ஆகும். கயிற்றின் நீளம் நிர்ணயித்த காலம் அது. தள்ளுபவர் நிர்ணயித்தது அன்று. அந்தக் காலத்துக்கு இசைந்து, சிறுசிறு தள்ளுதலாகக் கொடுத்துவந்தால் ஊஞ்சல் வானளாவும். இயற்பியலில் இதை ஒத்ததிர்வு என்கிறோம்.

ஊக்குவிப்பவர் செய்ய வேண்டியது இதுதான். ஊஞ்சலுக்கு அதற்கே உரிய தாளம் உண்டு. அதைக் கவனித்து அறிந்தவரின் சிறு தள்ளல், கவனிக்காதவரின் பெருந்தள்ளலைவிடப் பயன் தரும்.

பரிசு கெடுத்த ஆசை

இவையெல்லாம் வெறும் சொல்விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். உளவியலார் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளி ஒன்றில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் அழகிய நற்சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு, ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் சென்றபின், பரிசுப் பேச்சே இல்லாத வேளையில், யார் தாமாக வரைகிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினரும் செலவிட்டதில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். முன்பு விளையாட்டாக இருந்தது அவர்களுக்குக் கூலிவேலை ஆகிவிட்டது!

இதைக் கொண்டு பரிசே கூடாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எதிர்பாராமல் கிடைத்த பரிசு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கை மறுபடி மறுபடி தூண்டினால் புகையும் என்பதே இதன் பாடம்.

கல்வெட்டில் ஒரு சிறுவன்

இப்போது நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எழுதியிருப்பதும், ஒரு வகையில், நோக்கங்களைப் பற்றிய சட்டம்தான். பொதுப் பதவிக்கு ஒருவர் எந்த நோக்கத்தோடு வருகிறார் என்பதைப் பற்றி அந்தச் சபை மிகக் கவலைப்பட்டிருக்கிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, குடும்புக்கு ஒருவராக 30 பேரை எடுப்பார்கள். அவர்களிலிருந்து ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாட்கள். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. பதவியாசையும் பணத்தாசையும் தலைதூக்க விடாத ஏற்பாடு இது. ஏரியைக் காக்கும் வேலையை இவர்கள் எவ்வளவு பெரிதாகக் கருதினார்கள் என்பதற்கு, வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடும் அவ்வூர் ஏரியில் தூர்வார ஏற்படுத்திய அறக்கட்டளைகளே சான்று.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த பிரமதேய ஊர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலம் குறைந்தவருக்குக் கல்வி கூடுதலாக இருந்தால் விலக்கு உண்டு. ஏர் பிடித்தவர், ஆடு மேய்த்தவர், பெண்கள் ஆகியோர் பெயர்கள் குடத்தில் விழ வழியே இல்லை. அவர்களிடம் நெருப்பு இல்லாமலா போயிற்று? திரி நுழைய இடம் தரவில்லை, அவ்வளவுதான். அந்த வழி சட்டமாகத் திறக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. 2016இல் தமிழ்நாடு, பெண்களுக்கான பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது.

அந்தக் கல்வெட்டில் ஒரு சிறுவன் வருகிறான். கடைசியாக அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமார்களும் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். அதிலிருந்து ஓலை எடுப்பது யார்? சபையில் படித்தவர்கள் நிறைந்திருந்தும் அவர்களில் எவரும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்த ஓலையை, ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தர் வாங்கிக்கொண்டு, எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பார். அவ்வளவு கற்றவர்கள் கூடிய சபை, தன் நேர்மைக்குப் பொறுப்பாக நிறுத்தியது, அறியாத ஒரு சிறுவனை! அறியாமை அங்கே வெட்கப்பட வேண்டியதாக இல்லை. அவனைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

அதே சுவரின் முன்னால் நின்றுதான், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்ட பையனைப் பார்த்து நாம் சிரித்தோம். அவனுடைய கேள்வியே எரியும் திரி. அந்தச் சிரிப்போ நுனியில் படிந்த கரி.

வாசகர்களே, உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், பெற்றோர் இருப்பீர்கள், மாணவரும் இருப்பீர்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், மோட்டாரைக் காட்டுங்கள். விளக்கைக் காட்டுங்கள். ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டிவிடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை அப்பா, வா பார்ப்போம்" என்று சொல்லி அகராதியை எடுங்கள்.

மோட்டிவேட் என்றால் என்ன என்று கேட்ட அந்தப் பையன் எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறான் என்று நான் விசாரிக்கவில்லை. இந்தப் பக்கம் அவன் கண்ணில் பட்டால், அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: தம்பி, உன்னைக் கையை உயர்த்தவும் கேள்வி கேட்கவும் வைத்தது எதுவோ, அதற்குத்தான் அந்தப் பெயர்.